நான்கு விநாடி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை பற்றிய குறிப்பில் சுபேதார் சுப்ரமணியனை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார், இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது என்று. எனக்கு இது இடிக்கிறது. கண்ணிவெடி என்றால் மிதித்த கணமே வெடிக்கும். அதன்மேல் ஒருவர் பாய்ந்து விழ நேரம் எங்கே? சினிமாவில் காட்டுவதுபோலக் காலை எடுத்தால்தான் வெடிக்கும் என்றால், மிதித்தவரை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு வேறு வழி பார்த்திருக்கலாம். இல்லை, எல்லாருமாக ஓடியிருக்கலாம். பட்டாளக் கதைகளில் பிறகு சேர்கிற மிகையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு யாரை அனுப்பினார்கள்? போனால் போகட்டும் என்று நினைத்தவர்களையா?

எம்., குடியாத்தம்

அன்புள்ள எம்.,

இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடித்திருக்கிறது. ஒரே வரியில் எழுதியது என் பிழை. எந்த மாதிரிக் கண்ணி என்று சொல்லாவிட்டால் அந்தச் செயலே புரியாது.

முதலில் சினிமாவைத் தள்ளிவிடுவோம். காலை எடுத்தால் வெடிக்கும் என்பது திரைக்கதைக்கு வசதி, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் புதைத்த கண்ணிகள் அழுத்தினால் வேலை செய்பவை, அல்லது கம்பி இழுபட்டால் வேலை செய்பவை. பாரத்தை எடுத்தால் வெடிக்கும் பொறிகளும் இருந்தன. ஆனால் அவற்றை வேறொரு பொருளுக்கு அடியில், பல நேரம் இன்னொரு கண்ணிக்கே அடியில், ஒளித்து வைப்பார்கள். அது காலுக்கு வைத்ததல்ல, எடுக்க வரும் கைக்கு வைத்தது.

மிதித்த பிறகும் ஒருவர் பாய்ந்து மூட அவகாசம் தருகிற கண்ணி என்றால் அது ஜெர்மானியரின் எஸ் மைன்தான். சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமும் 13 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரும்பு டப்பா, எடை 4 கிலோ. மண்ணுக்கு மேலே மூன்று மெல்லிய முள்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், புல்லில் கண்ணுக்குத் தெரியாது. ஏறத்தாழ 7 கிலோ பாரம் போதும். கோழி ஓடினால் ஒன்றும் ஆகாது, வளர்ந்த ஆட்டின் கால் பட்டால் போயிற்று. அழுந்தியதும் உள்ளே பொட்டுவெடி மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதன்பின் தாமதமாக எரியும் மருந்து ஒன்று, சுமார் 4 விநாடிக்கு. அது தீர்ந்ததும் அடியில் இருக்கும் கருமருந்து உள் டப்பாவை மேலே தூக்கி எறியும். முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் அது வெடிக்கும். உள்ளே இருப்பது 200 கிராமுக்கும் குறைவான டி.என்.டி. வெடிமருந்துதான். ஆனால் அதைச் சுற்றி ஏறத்தாழ 360 இரும்புக் குண்டுகள் அடுக்கியிருக்கும், அவை எல்லாப் பக்கமும் கிடைமட்டமாகச் சிதறும். 20 மீட்டருக்குள் நிற்பவர் பிழைப்பது அரிது. 100 மீட்டரில்கூடக் காயம் படலாம்.

அந்த நாலு விநாடியை எதற்கு வைத்தார்கள்? மிதித்தவன் இரண்டு எட்டு முன்னே போவான், பின்னால் வருகிறவர்கள் அருகே வந்திருப்பார்கள். கண்ணி கூட்டத்தின் நடுவில் எழும்பும். ஒருவனைக் கொல்வதற்காகச் செய்த கருவியல்ல அது.

ஓடியிருக்கலாமே என்கிறீர்கள். நல்ல தரையில் நாலு விநாடியில் ஒருவர் 20 மீட்டர் ஓடலாம். சேற்றில், பூட்ஸோடு, திடுக்கிட்ட நிலையில் அது நடக்காது. ஓடுகிறவன் நின்றுகொண்டிருப்பவனைப் போலவே குண்டுகளுக்கு முழு உடம்பையும் காட்டுகிறான். அதைவிட முக்கியம், கால் வைக்க இடம் இருக்க வேண்டும். துப்புரவு செய்த பாதை என்பது இரு வெள்ளை நாடாக்களுக்கு இடையே உள்ள குறுகிய பட்டை. அதற்கு வெளியே ஒவ்வொரு அடியும் இன்னொரு கண்ணியாக இருக்கலாம். மிச்சம் இருந்த ஒரே தற்காப்பு நின்ற இடத்திலேயே குப்புற விழுவது. குண்டுகள் மேலே பறந்துபோக வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு எல்லாரும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டது என்ன என்று புரிந்திருக்க வேண்டும். மண்ணுக்கடியில் உலோகம் தேடும் டிடெக்டரின் ஹெட்போனை மாட்டியிருப்பவனுக்கு எதுவும் கேட்காது. கண்ணியை எழும்ப விடாமல் மேலே ஓர் உடல் கிடந்தால் குண்டுகள் அந்த உடலோடு நிற்கும். சுப்ரமணியன் செய்தது இதைத்தான். அந்தச் சத்தத்தின் பொருள் தெரிந்தவருக்குத்தான் நாலு விநாடி இருந்தது. தெரியாதவருக்கு ஒரு விநாடியும் இல்லை.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. சாப்பர் என்பவன் தச்சன், கொல்லன், கொத்தனார் என்று ஏதாவது ஒரு தொழில் தெரிந்தவனாக பெங்களூரில் பயிற்சி முடித்து வந்தவன். சுப்ரமணியன் இருந்த 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி, 4ஆவது இந்திய டிவிஷனுக்குப் பட்டறையும் தளவாடக் கிடங்குமாக இருந்த பிரிவு. ஆனால் இத்தாலியில் கண்ணி இல்லாத இடம் என்று ஒன்று இல்லாததால் அவர்களும் டிடெக்டரைத் தூக்க வேண்டியிருந்தது.

முறையான பயிற்சி பிந்தித்தான் வந்தது. 1941 தொடக்கத்தில் பம்பாய் சாப்பர்ஸைச் சேர்ந்த லெப்டினன்ட் பிரேமிந்திர சிங் பகத், எத்தியோப்பிய எல்லையில் நாலு நாளில் 55 மைல் நீளத்துக்கு 15 கண்ணிவயல்களைக் கண்டுபிடித்து நீக்க வைத்தார். அவர் ஏறிவந்த கேரியர் என்ற கவச வண்டி இரண்டு முறை கண்ணியில் சிக்கி வெடித்தது, செவிப்பறை கிழிந்தது. விக்டோரியா கிராஸ் பெற்றார். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரு பகத் கிடைக்கமாட்டார். அதனால் 1942இல் எகிப்தின் எல் அலமெய்ன் சண்டைக்கு முன், பிரிட்டனின் எட்டாவது ராணுவத்தின் தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் கிஷ், மேஜர் பீட்டர் மூரை வைத்து இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். ஒருவன் திசை பார்த்து நாடா இழுப்பான், ஒருவன் டிடெக்டரை ஆட்டுவான், ஒருவன் கிடைத்த இடத்தில் அடையாளம் வைப்பான், வேறொருவன் தோண்டுவான். யாரும் அடுத்தவன் வேலையைத் தொடக்கூடாது. அக்டோபர் 23 இரவு திறந்த பாதைகளுக்கு சூரியன், நிலா, நட்சத்திரம், பாட்டில், படகு, தொப்பி என்று பெயர். பெட்ரோல் தகரத்தில் அந்த உருவங்களை வெட்டி உள்ளே விளக்கு வைத்தார்கள், நம் பக்கமிருந்து மட்டும் தெரியும்படி. சங்கிலி சுழற்றி மண்ணை அடிக்கும் டாங்கிகளும் வந்தன, புழுதியிலும் என்ஜின் சூட்டிலும் பல நின்றுபோயின.

அந்த டிடெக்டர் போலந்து லெப்டினன்ட் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்தது. எடை 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கம்பின் நுனியில் இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டிருக்கும். உலோகம் அருகே வந்தால் சமன் குலைந்து காதில் ஒலி கேட்கும். கையால் குத்திப் பார்த்தால் மணிக்கு சுமார் 100 சதுர மீட்டர், இது இருந்தால் 200. பாலைவனத்தில் புதைந்தவற்றில் பெரும்பகுதி டாங்கிக்கான கண்ணிகள். ஜெர்மானியரின் டெல்லர் மைன் அப்படி ஒன்று, உள்ளே ஐந்தரைக் கிலோ வெடிமருந்து. மனிதன் நடந்தால் வெடிக்காது, உலோகத் தட்டு என்பதால் ஒலி தெளிவாக வரும்.

இத்தாலியில் நிலைமை தலைகீழ். பீரங்கிக் குண்டுச் சில்லு கிடக்கும் ஒவ்வோர் அடியிலும் டிடெக்டர் கத்தும். ஷூ மைன் என்ற மரப்பெட்டிக்கோ அநேகமாகக் கத்தவே கத்தாது. 200 கிராம் மருந்துதான், ஒரு காலை எடுக்க அது போதும். ஆகவே திரும்பவும் பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. குத்துவதற்கு முன் சட்டைக்கையை மடக்கிவிட்டு வெறும் கையால் தடவி முள்ளும் கம்பியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சுமார் 30 டிகிரி சாய்வில் மெல்லச் செருக வேண்டும், கண்ணியின் பக்கவாட்டில் முனை தட்டும்படி. நேர்க்குத்தாகக் குத்தினால் அழுத்தும் தட்டையே அழுத்திவிடுவோம். கம்பி கிடைத்தால் வெட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது. இரு முனையும் எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் முடிவு. டெல்லர் மைனை அப்படியே தூக்கவே கூடாது, அடியில் இன்னொரு பொறி கட்டியிருப்பார்கள். கயிறு கட்டித் தொலைவிலிருந்து இழுப்பதுதான் முறை. இழுப்பவன் பதுங்கப்போகும் பள்ளத்தையும் முதலில் சோதிக்க வேண்டும், அதிலும் கண்ணி வைக்கும் வழக்கம் இருந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது, கண்ணிவயலில் அடிபட்டுக் கிடப்பவனை நோக்கி ஓடக்கூடாது என்ற விதி. அவன் அலறிக்கொண்டிருப்பான், அவனிடம் போக ஒரு பாதையை அங்குலம் அங்குலமாகத் துப்புரவு செய்ய வேண்டும். ஓடியவர்கள் இரண்டாவது, மூன்றாவது ஆளாக விழுந்தார்கள்.

ஆகவே போனால் போகட்டும் என்று அனுப்பவில்லை. தேறியவனை இழந்தால் ஈடு செய்வது கடினம் என்று தெரிந்தே அனுப்பினார்கள், ஏனென்றால் தேறாதவன் போனால் பின்னால் வருகிற கம்பெனியே போகும். தேர்ச்சி ஒரு கவசம் என்றும் எண்ண வேண்டாம். அந்தப் பள்ளியைத் தொடங்கவைத்த கிஷ்ஷே 1943 ஏப்ரலில் துனீசியாவின் வாடி அகரிட்டில் ஒரு கண்ணிவயலைப் பார்வையிடும்போது கண்ணிவெடியில் இறந்தார்.

குறிப்பில் உள்ள வரியைத் திருத்திவிடுகிறேன். "கண்ணிவெடி மேல் விழுந்து" என்பது இனி "கிளம்பிவிட்ட கண்ணி எழும்புவதற்குள் அதன்மேல் விழுந்து" என்று இருக்கும்.