மகள் கைக்கு ஏர் பிஸ்டல் கிரிப் பெரிதாக இருக்கிறது, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். இதுவரை கிளப் துப்பாக்கிதான். போன மாதம் மோரினி கம்பெனியின் பழைய பிஸ்டல் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கிரிப், அதாவது கைப்பிடி, மீடியம் சைஸ், அவள் கை சின்னது. நாற்பது ஷாட் தாண்டினால் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள், பெல்லட்டும் இடது கீழ்ப்பக்கமாகப் போகிறது. கஸ்டம் கிரிப் போடலாம் என்று சொல்லி ஒருவரின் நம்பர் கிடைத்தது. அவர் கிரிப்போடு ட்ரிகரையும் 'லேசாக்கி'த் தருகிறேன் என்கிறார். பணம் அதிகம் கேட்கிறார். நானே வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா? செய்தால் சட்டப்படி தப்பா?
(கரூரிலிருந்து ஒரு அப்பா)

பதில்: முதலில் அந்த நம்பரை அழித்துவிடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

சட்டக் கவலையை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டமோ பாயும் குண்டுக்கு 20 ஜூலுக்கு மேல் சக்தியோ இருந்தால்தான் ஏர் துப்பாக்கிக்கு லைசன்ஸ். போட்டி ஏர் பிஸ்டல் 4.5 மில்லிமீட்டர்தான், சக்தியும் அந்த 20-இல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். கிரிப் என்பது வெறும் மரக்கட்டை. அதைத் தேய்ப்பதும் அடைப்பதும் உங்கள் விருப்பம். .22 பிஸ்டல் என்றால் கதை வேறு. அது லைசன்ஸ் ஆயுதம். உள்ளே கை வைக்க, பழுதுபார்க்க லைசன்ஸ் பெற்றவரிடம்தான் போக வேண்டும்.

இனி அந்த 'லேசாக்கும்' ஆளுக்கு வருகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த மாதிரி ஆட்களின் கைவேலையைப் பற்றித்தான். ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. இது சர்வதேச விதி, நம் மாநிலப் போட்டியிலும் அதுதான். குழலை வானத்தைப் பார்த்து நிறுத்தி, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். எடை தொங்கும்போது ட்ரிகர் விழுந்துவிடக் கூடாது. மூன்று முயற்சி தருவார்கள். போட்டிக்கு முன்னால் தேறாவிட்டால் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு வரலாம். சுட்டு முடித்த பிறகு திடீர்ச் சோதனையில் மாட்டினால் அறுபது ஷாட்டும் போச்சு, டிஸ்குவாலிஃபை. ஆக அவர் எவ்வளவு லேசாக்கினாலும் 500-க்குக் கீழே உங்களுக்குப் பயனில்லை. 500-க்கு மேல் வைக்க வெளியே இருக்கும் ஸ்க்ரூவும் ஒரு அலன் கீயும் போதும். பிறகு எதற்குப் பணம்? இன்னொன்று: மோரினியில் எலக்ட்ரானிக் ட்ரிகர் மாடல் பிரபலம். உங்களுடையது அதுவென்றால் உள்ளே தேய்த்து மெருகேற்ற ஒன்றுமே இல்லை, ஒரு ஸ்விட்சும் சர்க்யூட்டும்தான். அதைத் திறந்து 'பாலிஷ்' போட்டேன் என்று காசு வாங்கியவரை எனக்குத் தெரியும். மெக்கானிக்கல் மாடலில் இன்னும் மோசம். ட்ரிகர் இழுக்கும்வரை பிடித்து நிறுத்தும் உள்முனையை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்துவிடுவார், இரண்டு மாதத்தில் துப்பாக்கி தானாக வெடிக்க ஆரம்பிக்கும். ட்ரிகரை 510, 520-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

சரி, கிரிப். மகளிடம் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெல்லட் இல்லை, காற்று சிலிண்டர் கழற்றியாயிற்று என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து, போட்டியில் நிற்கிற மாதிரியே நின்று, துப்பாக்கியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கட்டும். ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறக்கட்டும். ரியர் சைட் என்ற பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் ஃப்ரண்ட் சைட் என்ற முன்குறி சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவள் மணிக்கட்டை முறுக்கித்தான் அதை நேராக்குகிறாள் என்று அர்த்தம். நாற்பது ஷாட்டில் வலிக்காமல் என்ன செய்யும்? களைத்த பிறகு முறுக்கு தளர்ந்துவிடும், குறி பழைய இடத்துக்கே ஓடும். பத்து முறை செய்து பாருங்கள். ஒரே பக்கம் எட்டு முறையாவது போனால் குறை கிரிப்பில்தான்.

பெரிய கிரிப்பில் சின்னக் கைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்டாது. விரல் நுனியால் தொட்டு இழுத்தால் வலக்கைக்காரர்களுக்குத் துப்பாக்கி இடப்பக்கம் தள்ளப்படும். உங்கள் மகளின் இடது கீழ்ப்பக்கத்துக்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். அதற்கு மரத்தைத் தொடவே வேண்டாம். ட்ரிகர் தகட்டையே முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆள்காட்டி விரலின் முதல் கணுச் சதைப்பகுதி தகட்டில் பட்டு நேர் பின்னால் இழுபடும் இடத்தில் நிறுத்துங்கள். விரலின் பக்கவாட்டு மரத்தில் உரசக் கூடாது. ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் அங்கே மட்டும் அரைவட்ட அரத்தால் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். அடுத்து, உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகையின் ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலே ஏற்றுங்கள். கை அதில் உட்கார வேண்டும், ஆனால் சுண்டுவிரல் நசுங்கக் கூடாது. இவ்வளவுக்கும் பத்து நிமிடம்தான் ஆகும். அதிலேயே ஸ்கோர் மாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் கைக்கும் மரத்துக்கும் நடுவே காலி இருந்தால்தான் பட்டி (புட்டி) அப்பி அடைக்கும் வேலை. அதிலும் நேரே பட்டியில் இறங்காதீர்கள். மருந்துக்கடைத் துணிப் பிளாஸ்டரை நான்கைந்து அடுக்காக ஒட்டி, கண்ணை மூடும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எங்கே அடைத்தால் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் பக்கம் பக்கமாக விளக்குவதைவிட அந்தப் பிளாஸ்டர் தெளிவாகச் சொல்லிவிடும். இடம் உறுதியான பிறகு அங்கே மட்டும் இரட்டைக் கலவைப் பட்டி. எம்-சீல் போதும். கார் டிங்கரிங் கடைப் பட்டி சீக்கிரம் இறுகிவிடும், கை பழகாதவர்களுக்கு அது வேண்டாம். துப்பாக்கியின் இரும்புப் பாகம் முழுவதையும் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடுங்கள். மகள் கையில் மெல்லிய ரப்பர் கையுறை, அதன்மேல் துளி தேங்காய் எண்ணெய். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டியை அப்பி, அவள் நின்றபடி கையை நீட்டிக் குறிபார்க்கும் நிலையில்தான் பிடிக்க வேண்டும். மேசைமேல் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் உள்ளங்கையின் சதை வேறு விதமாக மடியும், அச்சும் பொய்யாகிவிடும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, வழக்கமாகச் சுடும் பிடிதான். கையை எடுத்துவிட்டு ஒரு இரவு காயவிடுங்கள்.

மறுநாள் கிரிப்பைக் கழற்றி, தனியாக வைத்துத் தேய்க்க வேண்டும். தூசி துப்பாக்கிக்குள் போகக் கூடாது. உள்ளங்கையில் சாக்கட்டிப் பொடி தடவிக்கொண்டு மகள் பிடிக்கட்டும். எங்கே வெள்ளை அழுத்தமாகப் படிகிறதோ அதுதான் மேடு. அதை 80 நம்பர் உப்புத்தாளால் நாலு தேய், திரும்பப் பிடித்துப் பார்த்து இன்னும் நாலு தேய். இதில் அவசரப்படுகிறவர்கள் ஒரே நாளில் முடித்துவிட்டு மறுவாரம் திரும்ப அப்புவார்கள். கடைசியில் வழவழப்பாக்கி வார்னிஷ் அடிக்கும் ஆசை வரும். வேண்டாம். நம் ஊர் வேர்வைக்குச் சொரசொரப்புதான் நண்பன்.

வேர்வை என்றதும் ஒன்று. கையின் அளவு நேரத்துக்கு நேரம் மாறும். மே மாத மதியத்தில் கை உப்பும். டிசம்பரில் போட்டிக்காக டெல்லி கர்ணி சிங் துப்பாக்கிச் சுடும் ரேஞ்சுக்குப் போனால் விரல் சுருங்கும். அச்சில் வார்த்த மாதிரி இறுக்கமான கிரிப் ஒரு நாள் அற்புதமாக இருக்கும், மறுநாள் பிடியே கிடைக்காது. 15 வயதுப் பிள்ளைக்குக் கை இன்னும் கொஞ்சம் மாறவும் கூடும். அதனால் மரத்தைச் செதுக்குவதைக் கடைசி வழியாக வையுங்கள். ஒட்டிய பட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம், செதுக்கிய மரத்தை அப்படித் திரும்ப வைக்க முடியாது. மீடியத்துக்கும் அவள் கைக்கும் ஒரு சைஸ் வித்தியாசம் என்றால் நான் சொன்னதெல்லாம் பலிக்கும். இரண்டு சைஸ் என்றால் அதே மாடலுக்கு உரிய ஸ்மால் கிரிப்பை வாங்குங்கள். அதை இங்கே வரவழைப்பதற்குள் நீங்கள் படப்போகும் பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மரக்கட்டைக்குத் துப்பாக்கி இறக்குமதி செய்கிற மாதிரிக் கேள்வி கேட்பார்கள். பதக்கம் வந்தால் மேடையில் மாலை போட எல்லோரும் வருவார்கள். கிரிப் வரவழைக்க உதவி கேட்டால் ஆள் இருக்காது.

இப்போது விதி. எல்லா விதியும் வேண்டாம், பட்டி போடுகிறவர்கள் விழும் குழிகள் மட்டும். பிஸ்டல் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராம் தாண்டக் கூடாது. எடையில் யாரும் மாட்டுவதில்லை. மாட்டுவது அந்த 50 மில்லிமீட்டர் அகலத்தில்தான். இங்கே இரண்டு அங்கே இரண்டு என்று அப்பிக்கொண்டே போனால் கிரிப் தடித்துவிடும், பெட்டியில் இறங்காது. தச்சரிடம் சொல்லி இந்த உள்ளளவில் ஒரு பிளைவுட் பெட்டி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கிரிப் கையைச் சுற்றி வளைத்துக்கொள்ளக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், கட்டைவிரல் தடையில்லாமல் மேலே எழ வேண்டும்.

உள்ளங்கை தாங்கும் பலகைக்கு ஒரு விதி இருக்கிறது, அதை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பலகை கிரிப்போடு சேரும் கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. பலகை ஓரம் மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. இதைப் படித்துவிட்டுப் பலர் 'பலகையில் வளைவே கூடாது' என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், சோதனை மேசையில் உட்காருபவர்கள் உட்பட. அது தப்பு. துப்பாக்கியின் நீளவாக்கில், அதாவது முன்னிருந்து பின்னாகப் போகும் வளைவுக்கு அனுமதி உண்டு. விதிப்புத்தகத்திலேயே தனி வரியாக இருக்கிறது. பலகையை ஓர் ஓட்டுவீட்டுத் தாழ்வாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தெருவோடு சேர்ந்து நீளவாக்கில் அது ஏறி இறங்கலாம். தெருப்பக்கத்து விளிம்பு மட்டும் மேலே மடங்கக் கூடாது. பல வருடத்துக்கு முன் ஒரு போட்டியில், நீளவாக்கு வளைவு இருந்ததற்காக என் கிரிப்பைத் திருப்பிவிட்டார்கள். புத்தகத்தைக் காட்டினேன். "அதெல்லாம் இங்கே பார்ப்பதில்லை" என்றார் அதிகாரி. சுடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது, கழிப்பறை வாசல் சிமென்ட் படியில் வைத்துப் பலகையைத் தேய்த்துத் தட்டையாக்கிக்கொண்டு போனேன். அன்றைய ஸ்கோரைச் சொல்ல மாட்டேன். ஆகவே அந்த விதிப் பக்கத்தை அச்செடுத்து மகள் பையில் வையுங்கள். மேசையில் குரலை உயர்த்தாதீர்கள், பக்கத்தை மட்டும் நீட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பழைய பிஸ்டல் என்கிறீர்கள், சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்தீர்களா? பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து பத்து வருடம்தான் கணக்கு. தேதி செல்லுபடியாக இருப்பது சுடுகிறவரின் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. 200 பார் அழுத்தம் நிறைந்த குப்பி அது. கிரிப் பளபளவென்று இருக்கிறதே என்று வாங்க வைத்துவிட்டு, காலாவதியான சிலிண்டரைத் தலையில் கட்டும் தரகர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ரசீது இல்லாமல் விற்றிருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய்க் கையோடு அதைத் தொடவும் வேண்டாம்.

உள்ளே ஏதாவது பழுதென்றால் முறையாகப் பயின்ற பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் வீணானதும், இறுதிச் சுற்று கைநழுவியதும் ஞாபகம் இருக்கும். அவ்வளவு பராமரிப்பில் இருந்த துப்பாக்கிக்கே அந்தக் கதி. அவர் 2024-இல் பாரிஸில் வெண்கலம் வாங்கினார், அது வேறு விஷயம்.

இந்த ஞாயிறு ட்ரிகர் தகடு, பலகை இரண்டை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் பெல்லட் இல்லாமல் சுவரைப் பார்த்துப் பயிற்சி செய்யட்டும். அதற்குள் பட்டி பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். மாநிலப் போட்டிக்கு மூன்று வாரத்துக்குள் இருந்தால் பிளாஸ்டரோடு நிறுத்திக்கொண்டு, பட்டி வேலையைப் போட்டி முடிந்த பிறகு ஆரம்பியுங்கள்.