விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட ‘ஷார்க் டேல்’ அனிமேஷன் படம் எப்படி ஓடியது? அது தோல்விப் படமா?

தோல்விப் படம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பவர் சின்ன வயதில் அந்தப் படத்தை விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்தவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். இப்போது வளர்ந்த பிறகு எங்கோ அதற்கு 100-க்கு 35-ஐ ஒட்டி மதிப்பெண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் நண்பர் யாராவது “அதெல்லாம் ஒரு படமா, நீமோ பாத்தியா நீ?” என்று ‘ஃபைண்டிங் நீமோ’ என்கிற இன்னொரு மீன் படத்தை இழுத்துக் கேட்டிருப்பார். அந்த வலி எனக்குத் தெரியும். இருபது வருடமாக இதே வாக்குவாதத்தை நானும் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் கணக்கு. படம் அமெரிக்காவில் வெளியானது 2004 அக்டோபர் 1. தயாரிப்புச் செலவு சுமார் 7.5 கோடி டாலர். முதல் மூன்று நாளில் 4.76 கோடி டாலர் வந்தது. தொடர்ந்து மூன்று வாரக் கடைசிகள் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவும் கனடாவும் சேர்த்து 16 கோடி, உலகம் முழுக்க 37 கோடி டாலருக்கு மேல். இதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இதைத் தோல்வி என்று சொல்பவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் வசூலை வைத்தே ரசிகர்களின் மனதைக் கொஞ்சம் படிக்க முடியும். மொத்த வசூலை முதல் மூன்று நாள் வசூலால் வகுத்துப் பாருங்கள். முந்தைய வருடம், 2003-இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ முதல் வாரக் கடைசியில் 7 கோடி, கடைசியில் 34 கோடியை ஒட்டி நின்றது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் கிளப்பி அனுப்பினார்கள் என்று அர்த்தம். ஷார்க் டேல் மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கீழே. அதே 2004 நவம்பரில் வந்த ‘ஸ்பாஞ்ச்பாப்’ படம் 3.2 கோடியில் தொடங்கி 8.5 கோடியில் முடிந்தது, மூன்று மடங்குகூட இல்லை. ஆக ஷார்க் டேல் ஓஹோ என்று கொண்டாடப்பட்ட படம் இல்லை. ஆனால் ஏமாந்துபோய் முதல் வாரத்தோடு கூட்டம் கலைந்த படமும் இல்லை. பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நான் உரிமை கோருவதும் அவ்வளவுதான்.

தேதியும் கைகொடுத்தது. முதலில் நவம்பரில் வருவதாக இருந்த படத்தை, அதைத் தயாரித்த ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் அக்டோபருக்கு முன்னால் இழுத்தது. போட்டி நிறுவனமான பிக்சாரின் அனிமேஷன் படம் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ நவம்பர் 5-இல் வந்தது. இடையில் ஐந்து வாரம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேறு பெரிய படம் இல்லை. அந்த ஐந்து வாரத்தில் ஒரு சனிக்கிழமை நாங்களும் போனோம்.

அப்போது நியூ ஜெர்சியில் இருந்தோம். பையனுக்கு ஐந்து வயது. நான் கடற்கரை ஊரில் பிறந்தவன். மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. அமெரிக்கா வந்த பிறகும் சனிக்கிழமை சீனக் கடைக்குப் போய் மீன் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைப்பதை விடவில்லை. அந்தக் கோடையில் ஒருநாள் பையனையும் கடைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடித் தொட்டியில் உயிரோடு நீந்துகிற மீனை நான் கைகாட்ட, கடைக்காரர் வலையில் அள்ளிப் பலகையில் போட்டு, மரச் சுத்தியலால் தலையில் ஒரே போடு. எனக்கு அது தினசரிக் காட்சி. பையன் ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் சாப்பிட மாட்டேன் என்றான். நான் விடவில்லை. முள் எடுத்துப் பிசைந்து ஊட்டினேன். வாயில் வாங்கிக்கொண்டான், விழுங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன், அதே கவளம் அப்படியே கன்னத்தில் அடங்கியிருக்கிறது, கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது. எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. “மீன் தின்னாத ஆம்பள எங்க வம்சத்துலயே கிடையாதுடா” என்று கத்தினேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம். ஊரிலிருந்து ஃபோன் வரும்போதெல்லாம் அம்மா கேட்பார்கள், “பேரன் மீன் சாப்பிடறானாப்பா?” எனக்கு அவமானமாக இருக்கும். “சாப்பிடறான்மா” என்று பொய் சொல்வேன். இப்படி நாலு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சண்டை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த நாலு மாதமும் நான் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்ததற்கு மீன் மட்டும் காரணமில்லை. நான் வேலை பார்த்த கன்சல்டிங் கம்பெனி என் கிரீன் கார்டு ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிப் படைத்தது. ‘அடுத்த மாசம் தாக்கல் பண்ணிடுவோம்’ என்று ஒன்றரை வருடம் சொன்னார்கள். சனிக்கிழமை வரச் சொன்னால் மறு பேச்சுப் பேச முடியாது. கிளையன்ட் கொடுக்கிற மணிக்கணக்குப் பணத்தில் எனக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பின்னால் தெரிந்தபோது இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ‘பிடிக்கலைன்னா வேற இடம் பாத்திருக்கலாமே’ என்று இதைப் படித்துவிட்டு யாராவது சொல்வார்கள். விசாவை வைத்துப் பிழைத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெளியில் வாங்கிய அடியை வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை மேல் இறக்கினேன். அந்தக் கம்பெனியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் எனக்குச் சம்பந்தம் உண்டு.

அந்தச் சனிக்கிழமை எப்படியோ லீவு கிடைத்தது. ‘மீன் படம்’ என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். தியேட்டர் நிறைந்து வழிந்தது, பாதிக்கு மேல் பத்து வயதுக்குக் கீழ்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. திமிங்கலங்களைக் கழுவிவிடும் இடத்தில் வேலை பார்க்கும் ஆஸ்கர் என்ற சின்ன மீன், வில் ஸ்மித் குரல். ஒரு சுறாவை நங்கூரம் விழுந்து கொன்றுவிட, தான்தான் கொன்றேன் என்று ஆஸ்கர் பீற்றிக்கொள்கிறான். செத்தவன், மாஃபியா கும்பல் மாதிரி நடக்கும் சுறாக் கூட்டத்துத் தலைவன் டான் லினோவின் மூத்த மகன். லினோவுக்கு ராபர்ட் டி நீரோ குரல். இளைய மகன் லென்னிக்கு ஜாக் பிளாக். இந்த லென்னி கறி, மீன் எதுவும் தின்னாத சுறா.

எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்றே சொல்ல முடியாது.

ஓட்டலில் அப்பா சுறா மகன் முன்னால் கிண்ணம் நிறைய உயிர் இறால்களைத் தள்ளி, தின்னு என்கிறார். அதில் ஒரு இறால் தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிக் கெஞ்சுகிறது. லென்னியால் முடியவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறான். அப்பா முகம் விழுந்துபோகிறது. தியேட்டரே சிரித்துக்கொண்டிருந்தது. என் பையன் நாற்காலியில் எழுந்து நின்றுவிட்டான். முன் வரிசைக்குக் கேட்கிற மாதிரி, “அப்பா! அவனும் சாப்பிட மாட்டான்பா! பாருங்கப்பா!” என்றான். அவன் முகத்தில் திரையின் நீல வெளிச்சம் அடிக்கிறது. நாலு மாதத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. உலகத்தில் தன்னைப் போல இன்னொருத்தன் இருக்கிறான் என்கிற சந்தோஷம் அது. பக்கத்தில் இருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் லினோ மகனிடம், நீ எதைத் தின்றாலும் எப்படி உடுத்தினாலும் எனக்கு உன்னைப் பிடிக்கும் என்கிற மாதிரி சொல்கிறார். இருட்டில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விமர்சகர்கள் சொன்னதில் தப்பே இல்லையா என்று கேட்டால், இருக்கிற நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். மாஃபியா படங்களை நையாண்டி செய்தால் பிள்ளைகளுக்கு என்ன புரியும் என்பது அவர் கவலை. டி நீரோவின் மச்சத்தைச் சுறா முகத்தில் வைத்ததும், இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் தடித்த புருவத்தை அவர் குரல் கொடுத்த பேத்தை மீனுக்கு ஒட்டியதும் பெரியவர்களுக்கான வேடிக்கைதான். கோக கோலாவைக் கேலி செய்யும் ‘கோரல் கோலா’ மாதிரி விளம்பரப் பலகைச் சிலேடைகள் அளவுக்கு மீறி இருந்தன. சுறாக்களுக்கு இத்தாலியப் பெயரும் மாஃபியா பேச்சும் கொடுத்ததற்கு இத்தாலிய அமெரிக்க அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். நீமோவில் கடல் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, ஒளி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதில் கடலுக்கடியில் ஒரு நகரத்தைத்தான் கட்டியிருந்தார்கள். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதுக்கு ஷ்ரெக் 2, இன்கிரெடிபிள்ஸ் இரண்டோடும் சேர்த்துப் பரிந்துரைத்தார்கள், இன்கிரெடிபிள்ஸ் வாங்கிக்கொண்டு போனது. அது சரியான தீர்ப்பு என்றே சொல்வேன்.

‘உன் பையன் அழுதான் சிரிச்சான்னா படம் நல்ல படமாயிடுமா?’ என்று கேட்பவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. மேலே இருப்பதை மறுபடி படியுங்கள். ஆனால் ஒன்று. அந்த 16 கோடி டாலரை மதிப்பெண் பார்த்துவிட்டு வருபவர்கள் கொடுக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் வாங்கியவர்கள் கொடுத்தார்கள். விமர்சகர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்க்கும் காட்சியில் என் பையன் எழுந்து நின்ற மாதிரி யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். மாஃபியா புரியாது என்றார்கள். ஒரு அப்பா தட்டைத் தள்ளுவதும் மகன் மாட்டேன் என்பதும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியாதா?

மறுநாள் ஞாயிறு. கடைக்குப் போய் ஒரு சின்ன தோசைக்கல் வாங்கினேன். மீனுக்குப் போடுகிற அதே மசாலாவை உருளைக்கிழங்கு வில்லைகளில் தடவி நானே பொரித்தேன். பையன் தட்டு முன்னால் உட்கார்ந்து மோந்து பார்த்தான். வாசனை அதே வாசனைதானே.

“இது மீன் பொரிச்ச கல்லாப்பா?”

“இல்லடா. உனக்குன்னு வாங்கினது.”

அடுப்படிக்குப் போய் இரண்டு கல்லும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஐந்து வில்லை சாப்பிட்டான். அன்று சாயங்காலம் அம்மா ஃபோன் செய்தபோது, பேரன் மீன் சாப்பிட மாட்டான் என்று முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, முட்டையாவது சாப்பிடுவானாடா?” என்று கேட்டார்கள்.