இமாம் கஸ்ஸாலி: கேள்வி பதில்

கே: பிறந்த ஊர் எது? எப்போது காலமானார்?

ப: இஸ்லாமிய இறையியல் அறிஞரான அவர், இன்றைய ஈரானிலுள்ள குராசானின் தூஸ் நகரில் 1058இல் பிறந்தார், 1111இல் அங்கேயே காலமானார்.

கே: பக்தாதை விட்டு ஏன் வெளியேறினார்?

ப: 1091இல் செல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரை பக்தாத் நிஜாமிய்யா கல்லூரியில் பேராசிரியராக நியமித்தார். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா பெயருக்காகவா என்ற ஐயம் புகழின் உச்சியில் அவரை அரித்தது. 1095இல் பாடம் நடத்த நாவெழவில்லை என்றும், உணவும் நீரும் தொண்டையில் இறங்கவில்லை என்றும் தன் வாழ்வைச் சொல்லும் ‘அல்முன்கித்’ நூலில் அவரே எழுதுகிறார். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டமாஸ்கஸ் சென்றார். அரசியல் அச்சமே காரணம் என்பாரும் உண்டு. அவருடைய வாக்குமூலத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க எனக்கு மனமில்லை.

கே: இஸ்லாமிய உலகில் அறிவியலை அழித்தவர் அவர்தானே?

ப: தத்துவவாதிகளை மறுத்து அவர் எழுதிய ‘தஹாஃபுத்’ நூலின் முன்னுரையையாவது படித்துவிட்டுக் கேளுங்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் சந்திர கிரகணம் உண்டாகிறது என்ற விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே கேடு செய்கிறான் என்று அங்கே எழுதுகிறார். அவர் எடுத்துக்கொண்ட 20 பிரச்சினைகளில் குஃப்ர் (இறைமறுப்பு) என்று தீர்ப்பளித்தவை மூன்று மட்டுமே: உலகம் அநாதியானது என்பது, இறைவன் தனித்தனிப் பொருள்களை அவற்றின் தனித்தன்மையில் அறிவதில்லை என்பது, உடலோடு எழுப்பப்படுவதை மறுப்பது.

கே: நெருப்பு பஞ்சை எரிக்காது என்றவரையா அறிவியலின் நண்பர் என்கிறீர்கள்?

ப: பஞ்சு எரியாது என்று அவர் சொல்லவே இல்லை. நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம், ஆனால் நெருப்பினால்தான் எரிகிறது என்பதைக் காண்கிறோமா என்பதே ‘தஹாஃபுத்’தின் 17ஆம் விவாதத்தின் கேள்வி. நெருப்பைத் தொடர்ந்து எரிதல் வருவதை வழக்கமாக்கியவன் இறைவன் என்பது அவர் நிலை. காரணங்களை மறுத்தால் அறிவையே மறுத்ததாகும் என்று தத்துவவாதி இப்னு ருஷ்த் பின்னர் வாதிட்டார். அந்த எதிர்வாதம் வலுவானது, இதில் நான் கஸ்ஸாலியின் பக்கம் முழுமையாக நிற்பதில்லை.

கே: அவருக்குப் பின் அறிவியல் நின்றுபோனது உண்மைதானே?

ப: மீண்டும் அதே கேள்வி. ஈரானின் மராகா வானாய்வகம் 1259இல் தொடங்கியது. தைமூரிய ஆட்சியாளர் உலுக் பேக்கின் சமர்கந்து வானாய்வகம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

கே: கணிதம் ஷைத்தானின் வேலை என்று கஸ்ஸாலி சொன்னதாக வந்த படத்தை இணைத்துள்ளேன்.

ப: எந்த நூல், எந்த அத்தியாயம் என்று இல்லாத மேற்கோள்களை அனுப்பாதீர்கள்.

கே: அவருடைய பெருநூலான ‘இஹ்யா’வின் 40 பகுதிகளில் எதை முதலில் படிக்கலாம்?

ப: முதற்பகுதியான அறிவின் நூலை.

கே: கடன் தீர அவர் சொன்ன துஆ (பிரார்த்தனை) எது?

ப: உங்கள் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள்.