மூக்கில் பூஞ்சை ஒவ்வாமை, பார்வை ஏன் மங்குகிறது?

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். காற்றில் மிதக்கும் பூஞ்சைத் துகள்கள் எல்லோர் மூக்கிலும்தான் போகின்றன. சிலரது உடல் மட்டும் அதைப் பெரிய எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. விளைவு, கொட்டை எடுத்த புளி மாதிரி பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு சளி. சிந்தினால் எளிதில் வராது. உள்ளேயே சேர்ந்து, மாதக்கணக்கில் அறையின் சுவரைத் தள்ளி மெலிய வைக்கும்.

சரி, இதில் பார்வை எங்கே வந்தது? மூக்குக்கு வெகு பின்னால், மண்டையின் நடுவில் ஸ்பீனாய்டு என்றொரு அறை. அதன் சுவரை ஒட்டித்தான் பார்வை நரம்பு போகிறது. நடுவில் உள்ள எலும்பு பலருக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணை அசைக்கும் நரம்புகளும் பக்கத்திலேயே. அவை அழுந்தினால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும்.

செடிக்குத் தண்ணீர் விடும் டியூப்பை யாரோ மிதித்தது போலத்தான் இது. டியூப் அறுபடவில்லை, தண்ணீர் மட்டும் நிற்கிறது. காலை எடுத்தால் மறுபடி வரும்; ரொம்ப நாள் மிதிபட்டால் டியூப் அப்படியே சப்பிப்போகும். அதனால்தான் பார்வை மங்கியதும் உடனே ஸ்கேன் எடுத்து, மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பி அறுவையில் சளியை அகற்றி, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள்.

அப்புறம், பலரும் இதை 2021-ல் பயமுறுத்திய கறுப்புப் பூஞ்சை என்று நினைத்துவிடுகிறார்கள். அது திசுவுக்குள் புகுந்து அழிப்பது. இதில் பூஞ்சை சளியோடு நின்றுவிடும், நரம்பைக் கெடுப்பது அழுத்தமும் வீக்கமும்தான்.