ஜெர்மன் ரசாயன ஆலைகளில் ஸ்டிரைக் ஏன் இல்லை? கேள்வி பதில்

குமரன்: ஜெர்மனியின் ரசாயன ஆலைகளில் ஸ்டிரைக்கே நடப்பதில்லையாமே, நிஜமா?

ஏறக்குறைய நிஜம். ஊதியத்துக்காகப் பெரிய வேலைநிறுத்தம் கடைசியாக நடந்தது 1971இல். தொழிலாளி, முதலாளி இரண்டு தரப்பும் ரொம்ப நல்லவர்கள் என்பதல்ல காரணம். லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் பிஏஎஸ்எஃப் என்ற ரசாயன நிறுவனத்தின் வளாகம் சுமார் 10 சதுர கிலோமீட்டர். உள்ளே ஓடும் குழாய்கள் மட்டும் 2,850 கிலோமீட்டர். ஒரு ஆலையில் மிஞ்சுவது பக்கத்து ஆலைக்கு மூலப்பொருள். கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவை 850 டிகிரி வாக்கில் உடைக்கும் கிராக்கர் என்ற உலையை மின்விசிறி போல் நிறுத்திப் போட முடியாது. திரும்ப ஓட்ட நாள்கணக்காகும். சங்கத்தின் கையில் இருப்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று இருவருக்குமே தெரியும். அதனால் பேச்சு முறிந்தாலும் நேரே வாசலுக்குப் போக வழியில்லை. முதலில் சமரசக் குழு. அதுவும் கைவிட்டால்தான் ஸ்டிரைக்.

மீனா: ஒவ்வொரு கம்பெனியிலும் தனித்தனியாகப் பேசுவார்களா?

சம்பளத்தை அப்படிப் பேசுவதில்லை. தொழிலாளர் பக்கம் ஐஜி பிசிஇ என்ற சங்கம். ரசாயனம், சுரங்கம், தோல் சங்கங்கள் 1997இல் இணைந்து உருவானது, தலைமையகம் ஹனோவர். எதிரே வீஸ்பாடனில் இருக்கும் முதலாளிகள் சங்கமான பிஏவிசி. சுமார் 5.8 லட்சம் பேரின் சம்பளம் இவர்கள் பேச்சில்தான் முடிவாகிறது.

ஆலைக்குள் ஷிஃப்ட், ஓவர்டைம் விவகாரமெல்லாம் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பணியாளர் குழுவின் பொறுப்பு. அது சங்கம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அப்புறம், 2,000 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஓட்டு சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு, தலைவரோ பங்குதாரர் பக்கத்து ஆள். பாதி என்றாலும் சரிபாதி இல்லை.

ராஜேஷ்: இதனால் தொழிலாளிக்கு உருப்படியாக என்ன கிடைத்தது?

என்னைக் கேட்டால் 1987 ஒப்பந்தத்தைத்தான் முதலில் சொல்வேன். அதுவரை ஆலையில் வால்வு திருகுகிறவருக்குக் கூலி, அலுவலகத்தில் உட்காருகிறவருக்குச் சம்பளம், பட்டியலே வேறு. அதை மாற்றி எல்லோரையும் 13 படிகள் கொண்ட ஒரே ஊதிய அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். காசை விட இதில் மரியாதைதான் பெரிது.

ஃபாத்திமா: ஐரோப்பா முழுக்க இதே கதைதானா?

எங்கே! 2022 அக்டோபரில் பிரான்சில் டோட்டல் எனர்ஜீஸ், எக்ஸான்மொபில் சுத்திகரிப்பு ஆலைகளில் ஸ்டிரைக். பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. அதே மாதம் 18ஆம் தேதி ஜெர்மன் ரசாயனத் துறை பேசி முடித்துவிட்டது: 2023, 2024 ஜனவரிகளில் 3.25 சதவீத உயர்வு, விலைவாசிக்காக இரண்டு தவணையாக 3,000 யூரோ.

ஐரோப்பிய ஒன்றிய அளவில் பிரஸ்ஸல்ஸிலும் 2004 முதல் ரசாயனத் துறைக்கென்று இரு தரப்புக் குழு ஒன்று உண்டு. அங்கே பாதுகாப்பு, பயிற்சி போன்றவற்றைப் பேசுவார்கள். சம்பளம் அந்தந்த நாட்டு விவகாரம்.

பெயர் வேண்டாம் என்றவர்: சங்கம் முதலாளியின் மடியில் உட்கார்ந்துவிட்டது என்கிறார்களே?

ஜெர்மனியிலேயே மற்ற சங்கத்துக்காரர்கள் சிலர் இப்படித்தான் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 2023இல் பிஏஎஸ்எஃப் லுட்விக்ஸ்ஹாஃபனில் இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்று உட்படச் சிலவற்றை மூடுவதாக அறிவித்தது. உற்பத்தியில் சுமார் 700 வேலைகளுக்குப் பாதிப்பு. ஒத்துழைப்பால் ஆலை மூடுவதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் 2025 முடியும்வரை ஆட்குறைப்பு என்று சொல்லி யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்று ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தார்கள். அந்தக் காகிதம் அப்போது கைகொடுத்தது.

தினேஷ்: அடுத்த மாதம் அங்கே வேலைக்குச் சேர்கிறேன். சங்கத்தில் சேரணுமா?

கட்டாயமில்லை. சந்தா மொத்தச் சம்பளத்தில் சுமார் 1 சதவீதம். 2024 ஒப்பந்தப்படி உறுப்பினர்களுக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு நாள் கூடுதல் விடுப்பு. நானாக இருந்தால் சேர்வேன். சேர்ந்தாலும் சேராவிட்டாலும், பணியாளர் குழுவின் அறை எங்கே என்று முதல் வாரமே பார்த்து வையுங்கள்.