மோட்டார் தூக்கும் கொக்கியும் பிரிக்காத தபாலும்

கேள்வி: திருச்செங்கோட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. கயிறு அறுந்து போர்வெல்லுக்குள் விழுந்த சப்மெர்சிபிள் மோட்டாரைக் கவ்வித் தூக்க ஒரு கொக்கி செய்தேன். சொந்தக்காரர்கள் தோட்டத்தில் மூன்று போரில் காசு வாங்காமல் விட்டுப் பார்த்ததில் மூன்றிலும் மோட்டார் வந்துவிட்டது. பேட்டன்ட் (காப்புரிமை) வாங்கித் தர வக்கீல் கேட்கும் பணம் என்னிடம் இல்லை. படம் வரைந்து எனக்கே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்கிறார் நண்பர். அக்கா மகன் யூடியூபில் போடலாம் என்கிறான். என்ன செய்ய?

பதில்: முதல் வேலையாக அக்கா மகனிடமிருந்து போனை வாங்கி வையுங்கள். விண்ணப்பத் தேதிக்கு முன்னால் வெளியே வந்துவிட்ட பொருள் சட்டத்தின் கண்ணில் புதுசு இல்லை, வெளியிட்டது நீங்களே என்றாலும் பெரும்பாலும் அதே கதைதான். மூன்று போரில் விட்டுப் பார்த்ததற்குப் பயப்பட வேண்டாம். வெளியே வைத்துப் பார்த்தே தீர வேண்டிய பொருளை நியாயமான சோதனைக்காக மட்டும் பயன்படுத்தியிருந்தால் ஓராண்டு அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் கூலி வாங்க ஆரம்பித்துவிட்டால் அதைச் சோதனை என்று சொல்வது கஷ்டம்.

பதிவுத் தபால் யோசனை பல ஊரிலும் சுற்றுகிற பழைய கதை. அந்த உறை உங்களுக்கு எந்த உரிமையும் தராது. இங்கே யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதுதான் கணக்கு.

சரி, வக்கீல் இல்லாமல் முடியுமா? முடியும், சொந்தமாக விண்ணப்பிக்கத் தடையில்லை. கண்டுபிடிப்பை விவரித்து முதலில் கொடுத்து வைக்கும் தற்காலிக விவரக்குறிப்பு (provisional specification) என்று ஒன்று உண்டு, தனிநபர் ஆன்லைனில் போட 1,600 ரூபாய், காகிதமாகக் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குக் கொடுத்தால் 1,750. அன்றைய தேதி உங்களுடையது. முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். எழுத்து ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டுமாம், தமிழில் எழுதினால் வாங்க மாட்டார்கள் (எனக்கும் கோபம்தான்).

கட்டணம் குறைவு என்று இரண்டு பத்தியில் எழுதி முடித்துவிடாதீர்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எழுதியதற்கு மட்டும்தான் அந்தத் தேதி செல்லும். கொக்கியின் வாய் எப்படி விரிகிறது, எந்தப் பிடியில் பூட்டுகிறது, கம்பிக் கயிற்றுக்குப் பதில் பைப்பில் இறக்கினாலும் வேலை செய்யுமா, இரண்டு விரலுக்குப் பதில் மூன்று வைத்தால் என்ன, எல்லாவற்றையும் படத்தோடு எழுதுங்கள். அதற்கு முன் இணையத்தில் பழைய காப்புரிமைகளைத் தேடிப் பாருங்கள், தேடுவதற்குக் காசில்லை. போர் குழிக்குள் விழுந்ததை எடுக்கும் கருவிகள் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களிடம் வெகுகாலமாக இருக்கின்றன, அவற்றிலிருந்து உங்களுடையது எங்கே வேறுபடுகிறது என்பதுதான் கேள்வியே.

ஓராண்டுக்குள் கொஞ்சம் பணம் சேர்ந்தால், அதை உரிமைக் கோரல் (claims), அதாவது எது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியை, எழுதித் தரும் காப்புரிமை ஏஜெண்டுக்கு மட்டும் செலவழியுங்கள். அந்தச் சில வரிகள்தான் உங்கள் வேலி, அதைச் சொந்தமாகப் போட்டுக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். அப்புறம் அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஆய்வுக்கு ஆன்லைனில் 4,000 ரூபாய் தனி, அதை முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

உங்களைப் போல முறையான தொழில்நுட்பப் படிப்பு இல்லாமல் கண்டுபிடிப்பவர்களுக்காகவே 2000-இல் தொடங்கிய தேசியப் புத்தாக்க அறக்கட்டளை (National Innovation Foundation) குஜராத்தின் காந்திநகரில் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்தால் காப்புரிமை விண்ணப்பத்தைச் செலவில்லாமல் போட்டுத் தருவார்கள். அங்கே எழுதிப் போடுங்கள், ஆனால் பதில் வரட்டும் என்று 1,600 ரூபாய் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று தெரிந்திருக்கட்டும்: காப்புரிமை கைக்கு வரும்வரை பக்கத்துப் பட்டறைக்காரர் அதையே செய்தாலும் வழக்குப் போட முடியாது.

வீடியோவா? விண்ணப்ப எண் வந்ததும் போடச் சொல்லுங்கள், அதுவும் விண்ணப்பத்தில் எழுதிய கொக்கியை மட்டும். பிறகு யோசித்து மாற்றியதை அவன் கண்ணிலேயே காட்ட வேண்டாம்.