ஃபிலிமா, டிஜிட்டலா?

கேள்வி: ஃபிலிம் படத்தின் தரம் டிஜிட்டலில் வராது என்கிறார்களே, உண்மையா?

பதில்: துல்லியத்தைக் கேட்டால், இல்லை. என் பழைய 35 மி.மீ. கருப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, 24 மெகாபிக்சல் கேமரா படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். டிஜிட்டலில் கண்ணிமை முடிகளை எண்ணலாம். ஃபிலிமில் அவை படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களோடு கலந்துவிட்டன. மங்கிய வெளிச்சத்திலும் டிஜிட்டலே மேல்.

ஆனால் வெளிச்சம் கூடிப்போனால் கதை வேறு. ஜன்னலோரம் நின்ற அம்மாவை எடுத்தபோது வெளிச்சம் இரண்டு ஸ்டாப் அதிகமாகிவிட்டது, அதாவது தேவையானதைப் போல நான்கு மடங்கு. அப்படியும் நெகட்டிவில் அவருடைய வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் அத்தனையும் இருந்தன! டிஜிட்டலில் பிக்சல் வெளிச்சத்தால் நிரம்பிவிட்டால் அப்புறம் வெறும் வெள்ளைதான், மீட்க முடியாது. அதனால் டிஜிட்டலில் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். இருண்ட பகுதிகளைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். நெகட்டிவுக்கு வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.